கான்கிரீட் தளத்துல விரிசல், தூள், ஈரம், இறக்கம்: அறிகுறியைப் பாத்து காரணத்தைப் பிடிக்கிறது எப்படி

வீட்டு போர்டிகோ, கார் நிக்கிற இடம், கடைத் தரை, குடோன் தரை, மொட்டை மாடி, எதுவா இருந்தாலும் கான்கிரீட் ஸ்லாப்ல வர்ற கோளாறுங்க திரும்பத் திரும்ப ஒரே பத்து பன்னெண்டு வகைதான். ஆனா எல்லாரும் பண்றது ஒண்ணே ஒண்ணு, விரிசலைப் பாத்ததும் சிமெண்ட் பால் ஊத்தி அடைச்சிடுறாங்க, ஆறு மாசத்துல அதே இடத்துல அதே விரிசல் திரும்பி நிக்குது. காரணம் தெரியாம அடைச்சா காசும் போகும், பின்னாடி வந்து பாக்கிறவருக்கு காரணம் தெரியிற தடயமும் போயிடும். அதனால முதல்ல பாருங்க, அப்புறம் அடைங்க.

உங்களுக்கு என்ன அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடலாம். பெரும்பாலும் செலவில்லாத காரணம் மேல, செலவு பிடிக்கிற காரணம் கீழ இருக்கு.

## எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இந்த மூணு செக்

கையில ஒரு சின்ன சுத்தியல், பென்சில், நீளமான ரசமட்டம், ஒரு இரும்பு ஆணி, கொஞ்சம் பாலிதீன் ஷீட், டேப் இருந்தா போதும்.

முதல் செக், விரிசல் அசையுதா. விரிசலோட ரெண்டு நுனியிலயும் பென்சிலால குறுக்க ஒரு கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதுங்க, நடுவுல அகலம் எவ்வளவுன்னு ஒரு கிராக் கேஜ் (விரிசல் அகலம் அளக்கிற அட்டை) வெச்சு பாத்து அதையும் எழுதுங்க, கேஜ் இல்லைன்னா பக்கத்துல ஸ்கேல் வெச்சு கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. மாசத்துக்கு ஒரு தடவை அதே இடத்துல பாருங்க. நுனி கோட்டைத் தாண்டிப் போயிருந்தாலோ அகலம் கூடியிருந்தாலோ அது உயிரோட இருக்கிற விரிசல், அதை கெட்டியான பொருள் எதை வெச்சு அடைச்சாலும் பக்கத்துல புதுசா இன்னொண்ணு வெடிக்கும்.

ரெண்டாவது, ஒரு பக்கம் தாழ்ந்திருக்கா. கண்ணுக்குத் தெரியாது, விரிசலுக்கு குறுக்க விரல் நகத்தை ரெண்டு திசையிலயும் இழுத்துப் பாருங்க, ஒரு திசையில மட்டும் தடுக்குச்சுன்னா ஒரு பக்கம் இறங்கியிருக்குன்னு அர்த்தம். இது தெரிஞ்சா மத்த தலைப்பெல்லாம் விட்டுட்டு "இறங்கிடுச்சு" பகுதிக்குப் போயிடுங்க.

மூணாவது, தட்டிப் பாக்கிறது. சுத்தியலால லேசா தட்டிக்கிட்டே போங்க, கெட்டியா "டங்"னு கேட்டா சரி, "பொக் பொக்"னு கேட்டா அடியில வெற்றிடமோ மேல் தோல் பிரிஞ்சதோ இருக்கு. பொக்கா கேக்குற இடத்தை சாக்பீஸால வளைச்சு வெச்சுக்கோங்க. குடோன் மாதிரி பெரிய தரையா இருந்தா ஒரு கனமான சங்கிலியைத் தரையில இழுத்துக்கிட்டு நடந்தா போதும், சத்தம் மாறுற இடம் தானா தெரியும்.

## போட்ட அன்னைக்கே, இல்ல மறுநாள் காலையிலயே விரிசல்

### சின்னச் சின்னதா, ஏறக்குறைய ஒண்ணுக்கொண்ணு இணையா, சாய்வா ஓடுது

ஒவ்வொண்ணும் ஒண்ணு ரெண்டு அடி தள்ளித் தள்ளி இருக்கும், பெரும்பாலும் ஓரம் வரைக்கும் போகாது. கான்கிரீட் இறுகறதுக்கு முன்னாடியே மேல் பரப்பு காஞ்சு போனதால வர்றது இது. கலவையிலேருந்து தண்ணி மேல ஊறி வர்ற வேகத்தை விட காத்தும் வெயிலும் அதை உறிஞ்சுற வேகம் அதிகமா இருந்தா நடக்கும். வெயிலை மட்டும் திட்டாதீங்க, மேகமூட்டமா இருந்து காத்து மட்டும் பலமா அடிச்சாலும் வரும். ஒரு சதுர மீட்டர்லேருந்து மணிக்கு 1 கிலோ தண்ணிக்கு மேல ஆவியானா ஆபத்துன்னு ஒரு கணக்கு இருக்கு.

உறுதிப்படுத்த ஒரு வழி: விரிசலோட உள்பக்கத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. விரிசல் ஜல்லியை உடைக்காம சுத்தி வளைஞ்சு போயிருந்தா கான்கிரீட் பச்சையா இருந்தப்ப வந்தது. ஜல்லியே ரெண்டா பிளந்திருந்தா இறுகினதுக்கு அப்புறம் வந்தது.

இன்னும் இறுகலைன்னா உடனே மரத் தேய்ப்புக் கட்டையால அழுத்தித் தேச்சு மூடிட்டு பாலிதீன் போட்டு மூடுங்க, மேலாப்புல மூடுற மாதிரி இல்லாம அடி வரைக்கும் அழுத்தித் தேய்க்கணும். இறுகிடுச்சுன்னா கியூரிங்கை (கான்கிரீட்டை ஈரம் காயாம வெச்சுக்கிறதை) ஒழுங்கா முடிச்சு, காஞ்சப்புறம் ஓடுற பதத்துல இருக்கிற எபாக்ஸியை (ரெண்டு பொருளைக் கலந்தா கெட்டியாகிற ரெசின் பசை) ஊத்தி விரிசலே குடிச்சுக்கிற மாதிரி விடலாம். தரையில இருக்கிற ஸ்லாப்னா இது பெரும்பாலும் பயப்பட வேண்டியது இல்லை. மாடி ஸ்லாப்ல இந்த விரிசல் அடி வரைக்கும் இறங்கி தண்ணி சொட்டுச்சுன்னா இன்ஜினியர்கிட்ட காட்டிட்டுத்தான் அடைக்கணும்.

### கம்பி போன வழியிலேயே கட்டம் கட்டமா விரிசல்

டேப் வெச்சு அளந்து பாருங்க, விரிசல் இடைவெளியும் கம்பி இடைவெளியும் ஒண்ணா இருக்கும். கான்கிரீட் கீழ அமுங்கும்போது கம்பி மட்டும் அதே இடத்துல நின்னதால மேல பிளந்திருக்கு. கலவையில தண்ணி ஜாஸ்தி, வைப்ரேட்டர் சரியா போடலை, கம்பிக்கு மேல கவர் (கம்பியை மூடியிருக்கிற கான்கிரீட் கனம்) கம்மி, இந்த மூணுல ஒண்ணு. பாக்க சின்னதா இருந்தாலும் நான் இதை லேசா விட மாட்டேன், ஏன்னா விரிசல் நேரா கம்பி தலையில போய் நிக்குது, தண்ணியும் காத்தும் போக பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. எபாக்ஸி போட்டே ஆகணும், வெளிய மழை படுற இடம்னா மேல வாட்டர்ப்ரூஃபிங் கோட்டிங்கும் சேத்து.

## சில வாரம், சில மாசம் கழிச்சு வர்ற நீட்டு விரிசல்

தரை ஸ்லாப்ல பாதிப் பேருக்கு மேல கேக்குறது இதைத்தான். கான்கிரீட் காயும்போது சுருங்கும், அதை யாராலும் தடுக்க முடியாது, எங்க வெடிக்கணும்னு நாமதான் இடம் காட்டணும். அதுக்குத்தான் ஜாயின்ட் வெட்டுறது.

### தளத்தை குறுக்கால ரெண்டா பிரிச்ச மாதிரி

ஜாயின்ட் இடைவெளியை அளந்து பாருங்க. ஸ்லாப் கனத்தை மாதிரி 24லேருந்து 30 மடங்குக்குள்ள இருக்கணும், அதாவது 4 இன்ச் தளம்னா 8லேருந்து 10 அடிக்கு ஒரு ஜாயின்ட். 20 அடிக்கு ஜாயின்டே இல்லாம போட்டிருந்தா நடுவுல வெடிச்சது ஆச்சரியமே இல்லை, அது தனக்குத் தானே ஜாயின்ட் போட்டுக்கிச்சு. பேனல் (ஜாயின்டுங்களுக்கு நடுவுல இருக்கிற ஒரு கட்டம்) நீளம் அகலத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல போனாலும் இதே கதை.

### ஜாயின்ட் வெட்டியிருக்கு, ஆனாலும் அதுக்குப் பக்கத்துலயே விரிசல்

ஆழத்தைப் பாருங்க. ஒரு மெல்லிசான ஸ்கேலை வெட்டுக்குள்ள விட்டா தெரிஞ்சிடும். கனத்துல கால்வாசி ஆழமாவது இருக்கணும், 4 இன்ச்சுக்கு 1 இன்ச். நிறைய இடத்துல அழகுக்கு கோடு போட்ட மாதிரி அரை இன்ச்சுக்கும் கம்மியா வெட்டி வெச்சிருப்பாங்க, அது ஜாயின்டே இல்லை. ஆழம் சரியா இருந்தும் வெடிச்சிருந்தா லேட்டா வெட்டியிருப்பாங்க. ஓரம் பேராத அளவுக்கு இறுகின உடனே வெட்டிடணும், சாதாரண கட்டர்னா 4லேருந்து 12 மணி நேரத்துக்குள்ள, வெயில் காலத்துல இன்னும் சீக்கிரம். மறுநாள் சாயங்காலம் வந்து வெட்டினா அதுக்குள்ள அடியில வெடிச்சு முடிச்சிருக்கும், மேல தெரிய கொஞ்ச நாள் ஆகும் அவ்வளவுதான்.

### தூண் மூலையிலேருந்து, சேம்பர் மூடி மூலையிலேருந்து, ப வடிவ வளைவு மூலையிலேருந்து கிளம்புது

உள்மூலை எங்க இருந்தாலும் இழுவிசை அங்க வந்து சேரும். தூணைச் சுத்தி தனியா பிரிச்சு விட்டிருக்காங்களான்னு பாருங்க, தெர்மோகோல், ஃபோம் ஷீட், எதாவது ஒண்ணு தூணுக்கும் தளத்துக்கும் நடுவுல இருக்கணும். இல்லைன்னா காரணம் கிடைச்சாச்சு.

இந்த மூணுக்கும் சரி பண்ற வழி ஒண்ணுதான். பென்சில் கோடு போட்டு குறைஞ்சது ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் பாத்துட்டு, அசையாம இருந்தா எபாக்ஸி. அசைஞ்சா கட்டர் வெச்சு விரிசலை V மாதிரி அகலப்படுத்தி, தூசி இல்லாம ஊதி, பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்க, அது ரப்பர் மாதிரி இழுத்துக் கொடுக்கும். சிமெண்ட் பால் இங்க எந்த வேலையும் செய்யாது. 0.3 எம்எம்க்கு கீழ இருக்கிற, உள் தரையில இருக்கிற விரிசலை அப்படியே விட்டாலும் ஒண்ணும் ஆகாது.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: விரிசல் 3 எம்எம் தாண்டிடுச்சு, இல்ல தரையில ஆரம்பிச்சு சுவர்ல ஏறுது. சுவர்ல ஏறினா அது தளத்தோட பிரச்சனையே இல்லை, அஸ்திவாரத்தை பாக்கணும்.

## மேல வலை பின்னின மாதிரி மெல்லிசான கோடுகள்

ஈரப்படுத்தி காய விடும்போதுதான் நல்லாத் தெரியும். ஆழம் 3 எம்எம் கூட இருக்காது. மேல காஞ்ச சிமெண்ட்டைத் தூவித் தேச்சது, ஃபினிஷிங் அப்போ தண்ணி தெளிச்சது, கியூரிங்கை லேட்டா ஆரம்பிச்சது, இதுலதான் வரும். பலத்துக்கு ஒண்ணும் குறை இல்லை, அழகுக்குத்தான் குறை. பாலிஷ் பிடிச்சா போயிடும், இல்லைன்னா உள்ள ஊறிப் போய் அடைக்கிற ஒரு பெனிட்ரேட்டிங் சீலர் அடிச்சு விட்டுடுங்க. இதுக்கு யாரையும் கூப்பிட வேண்டாம், யாராவது தளத்தையே உடைச்சுப் போடணும்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

## கூட்டக் கூட்ட தூள் வருது

கடை, ஒர்க்ஷாப், குடோன் வெச்சிருக்கிறவங்க அதிகமா அவஸ்தைப்படுறது இதுல. பெருக்கி முடிச்சு பத்து நிமிஷத்துல திரும்ப வெள்ளைத் தூள், சரக்கு மேல எல்லாம் படியும்.

முதல்ல தூள் வெளிய இருந்து வருதா தரையே உதிருதான்னு பாருங்க. ஒரு சதுர அடி இடத்தை ஈரத்துணியால நல்லா துடைச்சு, காஞ்சதும் உள்ளங்கையால அழுத்தித் தேய்ங்க. கை வெள்ளையானா தரைதான் உதிருது. அடுத்து ஆணியால கீறுங்க. வெள்ளையா மேலோட்டமா ஒரு கோடு விழுந்தா மேல் தோல் மட்டும் வீக், பள்ளம் விழுந்து மணல் மணலா பேர்ந்து வந்தா உள்ளேயும் வீக். அப்புறம் ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க, உடனே குடிச்சிடுச்சுன்னா பரப்பு பஞ்சு மாதிரி திறந்து கிடக்கு.

காரணம், அதிகமா நடக்கிற வரிசையில சொல்றேன்.

கலவையைப் பரப்பி கொஞ்ச நேரம் ஆனதும் மேல தண்ணி கசிஞ்சு மினுமினுன்னு நிக்கும். அந்த மினுமினுப்பு அடங்குற வரைக்கும் கரணையை வைக்கவே கூடாது. அவசரத்துல அந்தத் தண்ணியோட சேத்து தேச்சா மேல் 2, 3 எம்எம்ல தண்ணி மட்டும் ஏகத்துக்கு இருந்து பலமே இல்லாம போயிடும். தண்ணி உறிஞ்சணும்னு மேல காஞ்ச சிமெண்ட் தூவுறது இன்னும் மோசம். தண்ணியை ஓரமா இழுத்து எடுக்கலாம், இல்ல காத்திருக்கலாம், மூணாவது வழி கிடையாது.

அடுத்தது கியூரிங். மேல் பரப்புதான் முதல்ல காயும், அதனால கியூரிங் கம்மியானா முதல்ல கெடறதும் அதுதான். குறைஞ்சது 7 நாள் விடாம ஈரம் இருக்கணும், ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்), ஸ்லாக் (இரும்பு ஆலைக் கசடு) கலந்த சிமெண்ட்னா 10 நாளுக்கு மேல. காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை ஹோஸ் பிடிக்கிறது கியூரிங் இல்லை, நடுவுல மத்தியானம் முழுக்க காஞ்சு கிடக்கும். பாத்தி கட்டி தண்ணி நிறுத்துங்க, இல்ல சாக்கை நனைச்சுப் போட்டு மேல பாலிதீன் மூடுங்க.

மூணாவது, கலவையிலயே தண்ணி ஜாஸ்தி. வண்டியில வர்ற கான்கிரீட்டுல "கொஞ்சம் இளக்கமா இருந்தா இழுக்க ஈசி"ன்னு தண்ணி விடச் சொல்லுவாங்க. ஒரு கன மீட்டருக்கு வெறும் 5 லிட்டர் கூட விட்டாலே சுமார் 1.4 மெகாபாஸ்கல் பலம் போகும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, ஒரு பக்கெட் தண்ணி எவ்வளவு லிட்டர்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இளக்கம் வேணும்னா அதுக்குன்னு அட்மிக்ஸர் (கலவையில சேக்கிற மருந்து) இருக்கு, பிளான்ட்ல கேட்டு அதைப் போடச் சொல்லுங்க.

சரி பண்ண: மேல் தோல் மட்டும் வீக்னா லித்தியம் சிலிகேட் இல்ல சோடியம் சிலிகேட் ஹார்டனர் அடிங்க, கான்கிரீட்ல இருக்கிற சுண்ணாம்போட சேந்து கெட்டியாகும். அதுக்கு முன்னாடி வேக்யூம் பண்ணி, கழுவி, எண்ணெய்க் கறை எடுத்திருக்கணும், பெயின்ட் இருந்தா மருந்து உள்ளேயே போகாது. ரெண்டு கோட் அடிச்சும் தூள் நிக்கலைன்னா கிரைண்டிங் மெஷின் வெச்சு கெட்டியான கான்கிரீட் வர்ற வரைக்கும் தேச்சு எடுத்துட்டு திரும்ப ஹார்டனர். ஆணி கீறினா ஜல்லியே பேருதுன்னா கோர் (தளத்துலேருந்து குடைஞ்சு எடுக்கிற உருளைத் துண்டு) எடுத்து டெஸ்ட் பண்ற லேபைக் கூப்பிடுங்க, ரிப்போர்ட் வந்தப்புறம்தான் மேல ஓவர்லே (பழைய தளத்து மேல போடுற புது அடுக்கு) போடலாமா, இல்ல மொத்தமா எடுக்கணுமான்னு முடிவு பண்ணணும். வீக்கான தரை மேல எபாக்ஸி கோட்டிங் போட்டா, எபாக்ஸி நல்லாத்தான் இருக்கும், அதோட சேந்து தரைத் தோல் மொத்தமா கழண்டு வரும்.

## மேல தோல் சில்லு சில்லா பேருது

தட்டினா பொக்கு, அந்த இடத்துல 3லேருந்து 6 எம்எம் கனத்துல தகடா கழண்டு வருதுன்னா, கீழ தண்ணியும் காத்தும் வெளிய வர்றதுக்கு முன்னாடியே பவர் ட்ரோவல் (மெஷின் கரணை) போட்டு மேல அடைச்சிட்டாங்க. காத்து கலக்குற அட்மிக்ஸர் போட்ட கான்கிரீட்டை மழமழன்னு ஸ்டீல் ட்ரோவல் போட்டாலும் இது நடக்கும். பொக்கு இடத்தை மட்டும் கட்டர் வெச்சு சதுரமா வெட்டி, தோலை எடுத்துட்டு, ரிப்பேர் மார்ட்டர் போடலாம். தரையில மூணுல ஒரு பங்கு பொக்குன்னு சாக்பீஸ் கோடு காட்டுச்சுன்னா ஒட்டுப் போட்டு மாளாது, மொத்தமா தோலை எடுக்கிற மெஷின் வெச்சிருக்கிற ஃப்ளோரிங் ஆளைக் கூப்பிடுங்க.

பனி பெய்யுற ஊர்ல இருக்கிறவங்களுக்கு மட்டும்: முதல் குளிர் காலத்துக்கு அப்புறம் வெளித் தளம் செதில் செதிலா உரிஞ்சா உள்ள போன தண்ணி உறைஞ்சு விரிஞ்சதுதான் காரணம், ஐஸ் கரைக்க போடுற உப்பு அதை இன்னும் வேகமாக்கும். அங்க போடுற வெளித் தளத்துக்கு காத்து கலக்குற அட்மிக்ஸர் கட்டாயம், புதுசா போட்ட தளத்துக்கு முதல் குளிர் காலம் உப்பே போடாதீங்க, மணல் தூவுங்க.

## மூலை தூக்கிக்கிட்டு நிக்குது, மிதிச்சா ஆடுது

தட்டினா மூலையிலயும் ஜாயின்ட் ஓரத்துலயும் மட்டும் பொக்கு, நடுவுல கெட்டி. ரசமட்டத்தை ஓரத்துல வெச்சா நடுப்பக்கம் இடைவெளி தெரியும். மேல் பக்கம் சீக்கிரம் காஞ்சு சுருங்கிடுச்சு, அடிப்பக்கம் ஈரமாவே இருந்துச்சு, அதனால ஓரம் சுருண்டு தூக்கிக்கிச்சு. கலவையில தண்ணி ஜாஸ்தியா இருந்தா இன்னும் கூடும்.

சில மாசத்துல அடிப்பக்கமும் காஞ்சு கொஞ்சம் இறங்கும், அதனால உடனே கிரைண்டர் எடுக்காதீங்க. அவசரப்பட்டு தூக்கின இடத்தைத் தேச்சுட்டா, பின்னாடி அது இறங்கினதும் அங்க பள்ளமா நிக்கும். காத்திருந்தும் ஆடுச்சுன்னா ஓட்டை போட்டு அடியில கிரவுட் (வெற்றிடத்தை நிரப்புற ஓடுற கலவை) பம்ப் பண்றவங்களைக் கூப்பிடணும். ஃபோர்க்லிஃப்ட் ஓடுற தரைன்னா காத்திருக்கவே வேண்டாம், ஆடுற மூலை சீக்கிரமே உடைஞ்சு தனியா வந்துடும்.

## ஒரு பக்கம் இறங்கிடுச்சு

தளத்துக்கு மேல பாத்துட்டு இருக்காதீங்க, பிரச்சனை அடியில இருக்கு. அடியில இருக்கிற மண்ணு போச்சு, அவ்வளவுதான். எதனால போச்சுன்னு கண்டுபிடிக்காம தளத்தைத் தூக்கினாலும் மேல கான்கிரீட் போட்டு மட்டம் பண்ணினாலும் திரும்ப இறங்கும், இந்த தடவை எடையும் கூட.

முதல்ல தண்ணி. வீட்டுல எல்லா குழாயையும் மூடிட்டு வாட்டர் மீட்டரைப் பாருங்க, முள் நகர்ந்தா எங்கயோ லீக். மீட்டர் இல்லைன்னா டேங்க்ல ராத்திரி மட்டத்தைக் குறிச்சு வெச்சு காலையில பாருங்க. அடுத்து மாடித் தண்ணி இறங்குற பைப் எங்க வந்து விழுதுன்னு மழை பெய்யும்போது குடை பிடிச்சுட்டு போய் நேர்ல பாருங்க, பாதி இடத்துல தளத்தோட ஓரத்துலயே கொட்டி அடி மண்ணை அரிச்சுக்கிட்டு இருக்கும். ட்ரெயினேஜ் பைப் தளத்துக்கு அடியில போனா அதுல கேமரா விட்டுப் பாக்கிற பிளம்பர் இருந்தா கூப்பிடுங்க.

தண்ணி இல்லைன்னா மண்ணு. நிரவின மண்ணு மேல போட்ட தளமா, அப்போ 6 இன்ச், 8 இன்ச்சா அடுக்கடுக்கா போட்டு தண்ணி விட்டு திமிசு போட்டாங்களா, இல்ல ஒரே மொத்தமா மூணு அடி கொட்டி மேல மட்டும் ரெண்டு தட்டு தட்டினாங்களா, வேலை நடந்தப்ப எடுத்த போட்டோ எதாவது இருந்தா பாருங்க, பதில் அதுலயே இருக்கும். அஸ்திவாரம் தோண்டித் திருப்பி மூடின இடம், பைப் போட தோண்டின பள்ளம், பழைய செப்டிக் டேங்க் மூடின இடம், இந்த மூணு இடத்துலயும் இறக்கம் நேர்கோடா தெரியும்.

அடியில எவ்வளவு வெற்றிடம்னு தெரிய 12 எம்எம் ட்ரில் பிட்ல ஒரு ஓட்டை போட்டு, நுனி வளைச்ச கம்பியை விட்டு அளக்கலாம். பைப்பும் கரன்ட் கேபிளும் எங்க போகுதுன்னு உறுதியா தெரியாம ட்ரில் போடவே போடாதீங்க.

காரணத்தை நிறுத்தியாச்சு, பென்சில் கோடும் ரெண்டு மூணு மாசமா நகரலை, அப்போ சரி பண்ணலாம். சின்ன இறக்கம்னா மேல ஓவர்லே. தளம் முழுசா இருந்து மொத்தமா இறங்கியிருந்தா அடியில சிமெண்ட் கிரவுட்டோ ஃபோமோ பம்ப் பண்ணி தூக்குற கம்பெனிங்க இருக்கு. பேனல் நாலஞ்சு துண்டா உடைஞ்சிருந்தா தூக்குறது வீண், உடைச்சு எடுத்துட்டு மண்ணை ஒழுங்கா கெட்டிப்படுத்தி புதுசா போடுங்க. பக்கத்துல இருக்கிற சுவர்லயும் சாய்வா விரிசல் வந்திருந்தா, கதவு ஜன்னல் திடீர்னு மூட முடியாம இறுகுச்சுன்னா, தளத்தை விடுங்க, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் மண் பரிசோதனையும் வேணும்.

### இறங்கலை, தூக்கியிருக்கு

மழைக்காலத்துல தூக்கி வெயில் காலத்துல இறங்குதுன்னா அடியில கரிசல் மண்ணு மாதிரி உப்பிச் சுருங்குற களி. ஒரே இடத்துல மட்டும் முகடு மாதிரி எழும்பி, அந்த முகடு பக்கத்து மரத்தை நோக்கிப் போச்சுன்னா வேர். பைரைட் கலந்த கல்லையோ ஸ்லாக்கையோ போட்டு நிரவியிருந்தா அதுவே ஈரம் பட்டு உப்பும், இது வருஷக் கணக்குல நிக்காம தூக்கிக்கிட்டே போகும். வேரைத் தவிர மத்த ரெண்டுக்கும் மண்ணு டெஸ்ட் இல்லாம கை வைக்காதீங்க. வேரை வெட்டுறதுக்கும் மரம் தெரிஞ்ச ஆள்கிட்ட கேளுங்க, பெரிய வேரை வெட்டினா காத்துல மரம் சாய்ஞ்சிடும்.

## தண்ணி தேங்குது

மொத்தமா தண்ணி ஊத்தி அரை மணி நேரம் விட்டுட்டு, நிக்கிற இடத்தை சாக்பீஸால வளைங்க. 3 எம்எம் ஆழத்துக்கு கம்மின்னா விட்டுடலாம், வெயில்ல போயிடும். அதுக்கு மேல இருந்தா வாட்டம் இல்லை. வெளித் தளத்துக்கு 10 அடிக்கு ஒன்றரைலேருந்து 2 இன்ச் வாட்டம் வேணும், டியூப் லெவல் பிடிச்சா உடனே தெரியும். முதல்ல மேடு எங்கன்னு பாருங்க, நிறைய நேரம் பள்ளத்தை நிரப்புறதை விட தண்ணியைத் தடுக்கிற மேட்டைத் தேச்சு விடுறது சுலபம். சாதா சிமெண்ட் கலவையை ஓரத்துல ஒண்ணுமில்லாம மெலிய விட்டுப் பூசினா அந்த மெலிஞ்ச ஓரம் நிக்காது, பாலிமர் கலந்த மார்ட்டர்தான் வேணும்.

## தரை ஈரமா இருக்கு, வெள்ளையா உப்பு பூக்குது, டைல்ஸ் பெயின்ட் எழும்புது

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீனை தரையில வெச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி முழுக்க, குறைஞ்சது 16 மணி நேரம் விடுங்க. அடிப்பக்கம் சொட்டு நின்னாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் கீழ இருந்து வருது. ஷீட்டுக்கு மேல்பக்கம்தான் ஈரம்னா அது காத்துல இருக்கிற ஈரம், ஜன்னலைத் திறந்து விட்டாலே பாதி சரியாகும்.

கீழ இருந்துதான் வருதுன்னா தளம் போட்டு எவ்வளவு நாள் ஆச்சுன்னு பாருங்க. ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு மாசம் காய விடணும்ங்கிறது தோராய கணக்கு, 4 இன்ச் தளத்துக்கு ரெண்டாவது மாசத்துலயே வினைல் ஷீட் ஒட்டினா எழும்பத்தான் செய்யும். பழைய தளம்னா லீக் பைப், அப்புறம் வெளித் தரை உள் தரையை விட உசந்து போனது, கடைசியா அடியில பாலிதீன் ஷீட்டே போடாம தளம் போட்டது. கடைசி காரணம்னா மேல போடுற எபாக்ஸி மாய்ஸ்சர் பேரியர்தான் (ஈரத்தைத் தடுக்கிற பூச்சு) வழி, அதை ஈரம் அளக்கிற மீட்டர் வெச்சிருக்கிற ஆள் வந்து போடணும். உப்பை மட்டும் சொல்லணும்னா, காஞ்ச பிரஷ்ஷால தேச்சு எடுங்க, தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு கரைஞ்சு உள்ள போய் திரும்ப வரும்.

## குடோன்ல ஜாயின்ட் ஓரம் உடையுது

ஃபோர்க்லிஃப்ட்டோட கெட்டி சக்கரம் ஜாயின்ட் பள்ளத்துல ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏறுறதால ஓரம் நொறுங்குது. உள்ள மெத்துனு இருக்கிற சீலன்ட் இருக்கான்னு விரலால அழுத்திப் பாருங்க, அமுங்குச்சுன்னா அது சக்கரத்தைத் தாங்காது. அதை எடுத்துட்டு வெட்டின முழு ஆழத்துக்கும் செமி ரிஜிட் எபாக்ஸி இல்ல பாலியூரியா ஃபில்லர் போடுங்க. புதுத் தரைன்னா சுருங்கி முடியட்டும், எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு நல்லது.

ஃபோர்க்லிஃப்ட் கடக்கும்போது தள்ளி உக்காந்து ஜாயின்ட்டைப் பாருங்க, ஒரு பக்கம் அமுங்கி இன்னொரு பக்கம் அப்படியே நின்னா பாரம் ஒரு பேனல்லேருந்து அடுத்ததுக்குப் போகலை. ஃபில்லர் போட்டு பிரயோஜனம் இல்லை, அடியில கிரவுட் பண்ணி டவல் கம்பி (ரெண்டு பேனலையும் கோக்கிற கம்பி) வெச்சு இணைக்கிற ஆளுங்க வேணும்.

## மாடி ஸ்லாப்: துரு, தொய்வு, பால்கனி

மேல சொன்னது பெரும்பாலும் மண்ணு மேல உக்காந்திருக்கிற தளத்துக்கு. அடியில ஆள் நடமாடுற ஸ்லாப்னா விஷயமே வேற, இங்க நீங்க செய்ய வேண்டியது பாக்கிறதும் குறிக்கிறதும் மட்டும்தான்.

### அடியில துருக் கறை, பூச்சு பேந்து கம்பி தெரியுது

கவர் கம்மியா இருந்திருக்கும், ஸ்லாப்ல கம்பிக்கு அடியில 20 எம்எம் ஆவது வேணும். கவர் பிளாக் போடாம ஜல்லியை முட்டுக் கொடுத்து கம்பி தூக்கியிருந்தா இதுதான் முடிவு. துருப் பிடிச்சா கம்பி பருத்து கான்கிரீட்டைத் தள்ளும். கம்பி மேல பூசி மறைக்கிறதுதான் இருக்கிறதுலயே கெட்ட வேலை, உள்ள துரு ஓடிக்கிட்டே இருக்கும், வெளிய தெரியாது. பூச்சு தொங்குற இடத்துக்கு கீழ கட்டில் போடாதீங்க, யாரையும் உக்கார விடாதீங்க. மேல ஒழுகுற தண்ணியை நிறுத்துங்க. இன்ஜினியர் வந்து கான்கிரீட்டைக் கொஞ்சம் உடைச்சு பினாப்தலீன் தெளிப்பாரு, ரோஸ் கலர் வந்தா அந்தக் கான்கிரீட் இன்னும் கம்பியைக் காப்பாத்துது, நிறம் மாறலைன்னா காப்பாத்துற சக்தி போயிடுச்சு. எவ்வளவு ஆழத்துக்கு உடைச்சு எடுக்கணும்ங்கிறதை அதை வெச்சு அவர் சொல்லட்டும்.

### நடுவுல தொய்ஞ்ச மாதிரி தெரியுது

ஒரு சுவர்லேருந்து எதிர்ச் சுவருக்கு சீலிங் ஒட்டி நூல் இழுத்துக் கட்டி நடுவுல அளங்க. நீளத்துல 250ல ஒரு பங்குங்கிறது டிசைன்ல வைக்கிற வரம்பு, 4 மீட்டர் ரூம்னா 16 எம்எம். பூச்சு மேடு பள்ளத்துனாலயும் அவ்வளவு காட்டலாம், அதனால அளவை எழுதி வெச்சு அடுத்த மாசம் அதே இடத்துல திரும்ப அளங்க. கூடியிருந்தாலோ வரம்பைத் தாண்டியிருந்தாலோ மாடியில இருக்கிற செங்கல் அடுக்கு, தொட்டிச் செடி, தண்ணி டேங்க், எது இருந்தாலும் இறக்கிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. கான்கிரீட் போட்டப்ப கீழ கொடுத்த முட்டுகளை எத்தனை நாள்ல பிரிச்சாங்கன்னு அவர் கேப்பாரு, மேஸ்திரிகிட்ட கேட்டு வெச்சுக்கோங்க.

### பால்கனி, சன்ஷேடு மேல்பக்கம் சுவரை ஒட்டி நீளமா ஒரு விரிசல்

மத்த எதையும் தள்ளிப் போடலாம், இதை ஒரு நாள் கூட தள்ளாதீங்க. ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு அந்தரத்துல நிக்கிற ஸ்லாப்புக்கு உயிர் மேல் கம்பியிலதான் இருக்கு. கான்கிரீட் போடும்போது ஆளுங்க மிதிச்சு அந்தக் கம்பி அடியில போயிருந்தா ஸ்லாப் பாக்க நல்லா இருக்கும், மேல சுவரோரத்துல இந்த ஒரு கோடு மட்டும் வரும், அதுக்கப்புறம் விழுறதுக்கு முன்னாடி வேற எச்சரிக்கையே இல்லாம போகலாம். கதவைப் பூட்டிடுங்க, கீழயும் கயிறு கட்டி யாரும் நிக்காம பண்ணுங்க, பாரத்தை எடுக்கிறதுக்காகக் கூட மேல ஏறாதீங்க. முட்டு எங்க கொடுக்கணும்ங்கிறதையும் இன்ஜினியரே காட்டட்டும், அந்த முட்டு எந்தத் தரை மேல நிக்குதோ அதுவும் பாரத்தைத் தாங்கணும். வந்ததும் கவர் மீட்டர் (உடைக்காம கம்பியைக் கண்டுபிடிக்கிற கருவி) வெச்சு கம்பி எந்த ஆழத்துல கிடக்குன்னு பாத்து எழுதித் தரச் சொல்லுங்க. வாய் வார்த்தையா "ஒண்ணும் ஆகாது"ன்னு யார் சொன்னாலும் அந்தக் கதவைத் திறக்காதீங்க.